டீமேக்கர் வீட்டு ஆம்ப்ளிபையர்

வேலையிலிருந்து நின்றவளை யாரும் சும்மா இருக்க விடுவதில்லை. போன வாரம் சமையலுக்குப் பயிற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், விமலா போன் செய்தாள். கேமரன் மலையில், பிரிஞ்சாங் டவுனில் நான் வேலை பார்த்த ஆடியோ கடையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"ரோசிக்கா, ஒரு வீட்டுல அஞ்சு பெட்டி செட்ட எடுத்துட்டு ஒரே ஆம்ப்ளிபையர் வைக்கணுமாம். சும்மா கழட்டி மாட்டுற வேலதானே? நீங்க எத்தன வீட்டுல மாட்டியிருப்பீங்க?"

"மாட்டுன வீட்ட விடு. டீமேக்கர் வீட்டுக் கதைய உனக்கு நான் சொன்னதே இல்லையா?" என்றேன்.

சொன்னதில்லையாம். போனில் சொன்னால் அன்றைக்குச் சமையல் நடக்காது. அதனால் எழுதுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எழுத்தும் அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளட்டும்.

முதலில் அந்த அஞ்சு பெட்டி என்னவென்று தெரியாதவர்களுக்காக. அந்தக் காலத்துச் சங்கீதப் பிரியர்கள் வீட்டில் பாட்டுச் செட் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். ரேடியோவுக்கு ஒரு பெட்டி, கேசட்டுக்கோ சிடிக்கோ ஒரு பெட்டி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பெட்டி, ஸ்பீக்கரைத் தள்ளி முழங்க வைக்க எருமை கனத்தில் ஒரு பவர் பெட்டி, நடுவில் ஈக்வலைசர் என்று ஒன்று. ஈக்வலைசரின் முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குமிழ்கள் இருக்கும். மேலும் கீழும் தள்ளலாம். இடது பக்கக் குமிழ்கள் மத்தளம் மாதிரி அடிச் சத்தத்துக்கு, வலது பக்கக் குமிழ்கள் சலங்கை மாதிரி மேல் சத்தத்துக்கு. ஒன்றை மட்டும் ஏற்றலாம், ஒன்றை மட்டும் இறக்கலாம்.

பின்னாலே போய்ப் பார்த்தால் வயர்க் காடு. கேமரன் மலை ஈரத்தில் அந்த வயர் முனைகள் ஒவ்வொன்றும் பச்சை பூத்துப் போகும். ஒரு பெட்டி இருமும், இன்னொன்று உறுமும். எது இருமுகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும். சிடி பெட்டியை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் ஒரே கூட்டுக்குள் வைத்து, ஒரு சுவிட்ச், ஒரு சத்தக் குமிழ் என்று வந்ததுதான் ஒற்றைப் பெட்டி ஆம்ப்ளிபையர். பழைய ஆட்கள் சிலர் அதைக் கண்டால் மூக்கைச் சுளிப்பார்கள். நான் சுளித்ததே இல்லை. இந்த ஊர் ஈரத்துக்கு அதுதான் சரி. நல்லதாக வாங்கினால் சத்தமும் தேன் மாதிரி இருக்கும். அதைச் செய்தவன் கைக்கு மோதிரம் போடலாம்.

நான் இந்த வேலையைப் படித்த கதை பெரிய கதை இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பினாங்கு எலக்ட்ரானிக் பேக்டரியில் சில வருஷம் ஈயம் பற்ற வைத்து, அப்பாவுக்கு முடியாமல் போனதால் மலைக்குத் திரும்பினேன். பிரிஞ்சாங்கில் தங்கராஜ் அண்ணன் கடையில் ஆள் தேடுகிறார்கள் என்றார்கள். போனேன். "பொம்பளப் புள்ள எருமப் பெட்டியத் தூக்குவியா?" என்று அங்கே நின்ற வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார். அண்ணன் அவர் பக்கம் திரும்பாமல், "தூக்குறதுக்கு லோரிக்காரன் இருக்கான் லா. எனக்குக் கேக்குறதுக்கு ஆள் வேணும்" என்றார். அன்றே வேலையில் சேர்ந்துவிட்டேன்.

தங்கராஜ் அண்ணனைப் பற்றி எழுத வேண்டுமென்றால் எனக்குக் கை நிற்காது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பழுதான செட் வந்தால் உடனே திருப்புளியை எடுக்க விடமாட்டார். முதலில் மூடியிருக்கும்போதே மோந்து பார்ப்பார். பூஞ்சை வாசம், கருகல் வாசம், எலி வாசம் எல்லாம் அவருக்கு வேறு வேறு. பிறகு கொண்டுவந்தவரை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்து விசாரணை. செட் எங்கே இருக்கிறது? ஜன்னல் பக்கமா, அடுப்படிச் சுவர் பக்கமா? யார் போடுவது? எப்போது போடுவது? கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கூட இவ்வளவு கேட்கமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும்.

"என்னாண்ணே, பியூஸ் போயிருக்கு. மாத்திக் குடுத்து அனுப்பாம ஊர்க்கதையா பேசிக்கிட்டு இருக்கீங்க?"

"பியூஸ் ஏன் போச்சுனு பியூஸு சொல்லுமா ரோசி?"

பக்கத்து ஊர் கியா பார்மில் ஸ்ட்ராபெரி விற்கும் அம்மா ஒருத்தரின் செட் மூன்று தடவை வந்தது. கடையில் நன்றாகப் பாடும், வீட்டுக்குப் போனால் அணைந்துவிடும். நாலாவது தடவை அண்ணன் பெட்டியைத் தொடவே இல்லை, நேரே அவர் வீட்டுக்குப் போனார். போய்ப் பார்த்தால் ஆம்ப்ளிபையர் மேலே வரிசையாகக் கம்பளி காலுறை, பேரப்பிள்ளை ஸ்வெட்டர்! இந்தக் குளிரில் துணி காயாது. பழைய பவர் பெட்டி அடுப்பு மாதிரி சுடும், அதன் மேலே போட்டுக் காய வைத்துப் பழகியவர், புதுப் பெட்டியின் மூச்சுத் துவாரத்தையும் அப்படியே மூடிவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. சுவரில் ஒரு கம்பி அடித்துக் கொடுத்து, "இதுல காய வைங்கம்மா, அது பாவம், மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டு வந்தார். நான்தான் வேனில் ஏறியதும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அவருக்கு இன்னொரு சட்டம் உண்டு. எந்த வீட்டுச் செட்டைக் கழற்றினாலும் குமிழ்களைத் தொடக் கூடாது. எந்த இடத்தில் நிற்கிறதோ அதே இடத்தில் காகித நாடா ஒட்டித்தான் வேனில் ஏற்ற வேண்டும். "பெட்டிய நாம ரிப்பேர் பண்ணுவோம். குமிழு அவங்களோடது" என்பார். ஒரு மாசம் வரைக்கும் பழைய பெட்டியை உடைக்கவும் விடமாட்டார். கடையின் பின்னறை இதனால் யானை புகுந்த கரும்புத் தோட்டம் மாதிரி கிடக்கும். சுத்தம் செய்வது நான்தானே! வாய்க்குள்ளே திட்டிக்கொண்டே நாடா ஒட்டுவேன்.

இனி டீமேக்கர் வீட்டுக்கு வருகிறேன்.

சவரிமுத்து என்று பெயர். தேயிலை பேக்டரியில் சாதாரண ஆளாகச் சேர்ந்து டீமேக்கராக உயர்ந்தவர். பச்சை இலை உள்ளே போனதிலிருந்து தூள் வெளியே வரும்வரை அவர் பொறுப்பு. இலையைக் கசக்கும் ரோலர் மெஷின்கள் பக்கத்தில்தான் அவர் வாழ்க்கை ஓடியது. அங்கே உள்ளே போனால் பேச்சு எடுபடாது, அவ்வளவு இரைச்சல். அதனால் பேக்டரிக்காரர்கள் குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். உதட்டைப் பார்த்தே மற்றவர் புரிந்துகொள்வார். கோயிலில் ஃபாதர் பிரசங்கம் பண்ணும்போது இந்தப் பக்கப் பெஞ்சுக்கும் அந்தப் பக்கப் பெஞ்சுக்கும் ஊர்வம்பு முழுக்கச் சத்தமில்லாமல் போய்வரும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு வயலின் என்றால் உயிர். சம்பாதித்ததில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு பெட்டியாக வாங்கி அடுக்கியிருந்தார். பவர் பெட்டி உறும ஆரம்பித்துவிட்டது, அதற்குச் சாமான் கிடைக்கவில்லை. அப்போது அவருடைய மகள் ஜெனி கோலாலம்பூரிலிருந்து, எங்கள் பேச்சில் கே.எல்.லிருந்து, கடைக்கு வந்தாள். ஒரே மகள். கணக்கு வேலை பார்க்கிறாள். "அப்பா ரிட்டயர் ஆயிட்டாரு. அவருக்கு நல்லதா ஒரே பெட்டி ஆம்ப்ளிபையர் வாங்கிக் குடுக்கணும். வெலய பாக்காதீங்கக்கா" என்றாள். கடையிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்தோம்.

நானே போய் மாட்டினேன். பழைய பெட்டிகளில் நாடா ஒட்டும்போது ஈக்வலைசரைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. இடப்பக்கக் குமிழ்கள் ஒழுங்காக நடுவில் நின்றன, வலப்பக்கம் போகப் போகப் படிக்கட்டு மாதிரி ஏறி உச்சியில் முட்டிக்கொண்டிருந்தன. யாரும் அப்படி வைக்கமாட்டார்கள். "எந்தப் பிள்ள வெளையாடுச்சு?" என்றேன். டீமேக்கர் பதில் சொல்லவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுப் பெட்டியைப் போட்டேன். ஆகா, என்ன சத்தம்! அவர் மனைவி அன்னம்மாவுக்கு வாயெல்லாம் பல். "இந்த மனுசன் பாட்டுப் போட்டா காதக் கிழிக்கும், நான் கொல்லப் பக்கம் ஓடிருவேன். இதுல எவ்ளோ பதமா வருது பாரு!" என்றார். டீமேக்கர் மட்டும் தலையை ஆட்டினார். "செத்த சத்தம்மா இது. வயலினே இல்ல." மேல் சத்தக் குமிழைக் கடைசி வரை திருப்பினார். "இல்ல" என்றார் மறுபடியும்.

பிறகு ஒரு வாரம் அதைப் போடவே இல்லையாம். நான் இன்னொரு தடவை போனேன், ஸ்பீக்கரை மாற்றி வைத்தேன், வயரை மாற்றினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மனுஷர் அசையவில்லை. அழுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த விடுமுறைக்கு ஜெனி அந்த ஆம்ப்ளிபையரைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். மேசைமேல் வைத்தாள். கண் சிவந்திருந்தது.

"எடுத்துக்குங்கக்கா. காசு திரும்ப வேணாம்."

"பெட்டில ஒரு கொறையும் இல்லம்மா" என்றேன்.

"தெரியும். பெட்டில இல்ல, என்கிட்டதான் கொற." அவள் நின்றபடியே கொட்டினாள். "அப்பா தோட்டத்து தொரைகிட்ட கெஞ்சி எனக்கு ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி வேல வாங்கி வச்சாரு. நான் வேணாம்னு கே.எல். போயிட்டேன். அன்னையிலேருந்து போன்ல ஒரு வார்த்த பேசமாட்டாரு. 'ம், இரு, அம்மாட்ட குடுக்குறேன்.' அவ்ளோதான். இத்தன வருஷமா அதேதான். நேர்ல போனா நல்லாத்தான் பேசுறாரு, ஊருக்காக. இதையாச்சும் குடுத்தா கோவம் ஆறும்னு பாத்தேன். தொட மாட்டேங்குறாரு. இனிமே எதுக்குக்கா நான் மல ஏறி வரணும்?"

பெத்த பிள்ளை கொடுத்ததை இப்படியா தள்ளுவது என்று அந்த ஆள்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது. அதைச் சொல்லவும் வாயைத் திறந்தேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பழைய பெட்டியெல்லாம் இருக்குல்ல ரோசி?"

பின்னறையிலிருந்து ஈக்வலைசரைக் கொண்டுவந்தேன். நாடா ஒட்டியபடியே இருந்தது. அண்ணன் அந்தக் குமிழ் வரிசையை ரொம்ப நேரம் பார்த்தார். கடைச் செட்டில் இணைத்து ஒரு வயலின் சிடியைப் போட்டார். ஐயோ, தகரத்தை ஆணியால் கீறியது மாதிரி! நானும் ஜெனியும் காதைப் பொத்திக்கொண்டோம். அவர் பொத்தவில்லை.

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க யாரும் இருக்காங்களாம்மா?"

"இல்ல அங்கிள். அம்மா, அப்பா மட்டும்தான்."

"அம்மா இதத் தொடுவாங்களா?"

"தொட விடமாட்டாரு."

"அப்பா ரோலர் பக்கத்துல எத்தன காலம் நின்னாரு?"

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அங்கதான்."

அண்ணன் ஈக்வலைசரை அணைத்துத் துணியில் சுற்றினார். "வேன எடு ரோசி. நீயும் வாம்மா. ஆம்ப்ளிபையரையும் தூக்கிக்க." வழி நெடுக நான் கேட்டுப் பார்த்தேன், "ஓட்டு லா, வளைவு இருக்கு" என்றார்.

டீமேக்கர் வீட்டில் தேத்தண்ணி வந்தது. வழக்கமான விசாரணை எதுவும் இல்லை. அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே தரையில் உட்கார்ந்து வேலை செய்தார். ஒவ்வொரு வயர் முனையையும் துடைத்து, மெதுவாகச் செருகினார். முதலில் புதுப் பெட்டியை மட்டும் போட்டு வயலினை ஓட விட்டார். டீமேக்கர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு அண்ணன் அதை நிறுத்தி, சிடி பெட்டிக்கும் ஆம்ப்ளிபையருக்கும் நடுவில் ஈக்வலைசரைச் சேர்த்தார். குமிழ்களின் நாடாவைப் பிரித்தார், குமிழ்களைத் தொடாமல். மறுபடி போட்டார்.

அன்னம்மா "அய்யய்யோ" என்று அடுப்படிக்கு ஓடினார். டீமேக்கர் எழுந்தே விட்டார்.

"வந்திருச்சு! வயலின் வந்திருச்சு! நான் சொன்னேன்ல? நீங்க யாரும் நம்பல!"

முகம் அப்படி மலர்ந்துபோனது. ஜெனியின் முகமோ வாடிவிட்டது. அப்பாவுக்குப் பழசுதான் ஒசத்தி, நான் கொடுத்தது குப்பை என்று நினைத்திருப்பாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அண்ணன் பாட்டை நிறுத்தினார். டீமேக்கர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் துணியை மடிப்பவர் மாதிரி நடந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். சாதாரணக் குரலில், நாம் தினமும் பேசும் குரலில் சொன்னார்:

"டீமேக்கரே, ஒங்க தேத்தண்ணி ஆறிப்போச்சு."

டீமேக்கர் ஆம்ப்ளிபையரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீமேக்கரே, சட்டையில எறும்பு ஏறுது."

அசைவே இல்லை. அவர் பார்க்கும்போது பேசினால் எவ்வளவு டக்கென்று பதில் சொல்வார்! நம் வாயைப் பார்த்தே பேசியவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷின் இரைச்சல் அவர் காதின் மேல் சத்தத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. தேய்ந்த அளவுக்கு அவர் அந்தக் குமிழ்களை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். பேக்டரியில் எல்லாரும் உதட்டைப் பார்த்துப் பேசுபவர்கள், இவரும் பார்த்தார். யாருக்குச் சந்தேகம் வரும்? ஸ்பீக்கருக்கு உதடு இல்லை. போனுக்கும் இல்லை.

அண்ணன் ஜெனியைப் பார்த்தார். தான் நின்ற இடத்தைக் காட்டி, வா என்று தலையசைத்தார்.

அவள் போய் நின்றாள்.

"அப்பா."

அவர் திரும்பவில்லை.

"அப்பா, நான் கே.எல்.லேருந்து பேசுறேன்." இன்னும் ஓர் அடி கிட்டே போனாள். "அப்பா, சாப்பிட்டீங்களா?"

அவர் ஸ்பீக்கரின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார்.

அவள் சுற்றி வந்து அவர் முன்னால் தரையில் மண்டியிட்டாள். பேக்டரிக்காரர் மகள் இல்லையா, அந்தப் பேச்சு அவளுக்கும் தெரியும். குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். எனக்கே புரிந்தது.

என்மேல கோவமாப்பா?

"கோவமா?" டீமேக்கரின் குரல் ரோலர் இரைச்சலைத் தாண்டிக் கத்திப் பழகிய குரல், வீடே அதிர்ந்தது. "எதுக்குடி கோவம்? யாரு சொன்னா?"

நீங்க போன்ல பேச மாட்டேங்குறீங்களே.

அவர் எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் மறைத்துப் பிரயோசனமில்லை என்று தெரிந்துவிட்டது போல. தலை குனிந்தது. குரலும் இறங்கியது.

"காது போச்சுனு தெரிஞ்சா டீமேக்கர் வேலைய புடுங்கிருவாங்கனு பயம்மா. மெஷின் சத்தத்த வச்சுத்தானே வேல. அப்ப மறைச்சேன், அப்பறம் எப்படிச் சொல்றதுனு தெரியல. போன்ல நீ பேசுனா கொர்ருனு ஒரு சத்தம், அவ்ளோதான் கேக்கும். நான் பாட்டுக்கு எதையாச்சும் ஒளறி வச்சா நீ கண்டுபுடிச்சிருவ. அதான் அம்மாகிட்ட குடுத்துருவேன். குடுத்துட்டுப் போயிர மாட்டேன்டி. எதுக்க நின்னு அவ மொகத்தையே பாப்பேன். அவ சிரிச்சா நீ நல்லா இருக்கனு அர்த்தம். அன்னைக்கு நிம்மதியா தூங்குவேன்."

அடுப்படி வாசலில் நின்ற அன்னம்மா கரண்டியோடு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"அட பாவி மனுசா! நாங்க பேசுறத ஒட்டுக் கேக்குறீருனுல்ல நெனச்சேன்! அதுக்காகவே சொவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டுப் பேசுவேனே..."

"நீ திரும்புனா நானும் சுத்தி வந்துருவேன்ல?" என்றார் டீமேக்கர்.

அன்னம்மா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அண்ணன் மெல்ல என் முழங்கையைத் தட்டினார். நாங்கள் சாமான் பையை எடுத்துக்கொண்டு செருப்பைப் போட்டோம். நான் படியிறங்குமுன் திரும்பிப் பார்த்தேன். ஜெனி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முக்காலியை இழுத்து, அவர் முட்டியோடு தன் முட்டி இடிக்கிற மாதிரி எதிரில் போட்டாள். வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி ஜன்னல் பக்கமாகத் திருப்பி உட்கார்ந்தாள். பிறகு அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக, கே.எல். போய் இறங்கிய முதல் நாளிலிருந்து அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.